கடைசியாக வருகிறவளுக்கு

மெர்வி வேண்டுமென்றேதான் பின்தங்கினாள். பூட்ஸுக்குள் கல் புகுந்துவிட்டது என்று சொல்லிப் பாதையோரப் பாறையில் உட்கார்ந்துகொண்டு, கணவன் எஸ்கோவையும் அவன் மகள் லூமியையும் முன்னால் போகச் சொன்னாள். பூட்ஸுக்குள் கல் எதுவும் இல்லை. மனசுக்குள்தான் ஒன்று இரண்டு வருஷமாக உறுத்திக்கொண்டிருந்தது. அதன் பெயர் ஐலா.

ஐலா எஸ்கோவின் முதல் மனைவி, லூமியைப் பெற்றவள். ஐந்து வருஷத்துக்கு முன்னால், இதே செப்டம்பரில், இதே மீன்பிடிப் பயணத்தில் போய்ச் சேர்ந்தவள். நீங்கள் போய் அடுப்பை மூட்டுங்கள், நான் இன்னும் ஒரே ஒரு தடவை தூண்டில் வீசிவிட்டு வருகிறேன் என்று சொல்லியிருக்கிறாள். நாலு வயதுக் குழந்தையைத் தோளில் தூக்கிக்கொண்டு எஸ்கோ ஏரிக்கரைக் குடிலுக்கு நடந்தான். காபி கொதித்து, ஆறி, மறுபடி கொதித்தது. அவள் வரவில்லை. ஆற்றங்கரையில் தூண்டில்கோல் கிடைத்தது. உடல் கிடைக்கவில்லை.

செத்தவள்மேல் பொறாமைப்படுவது அசிங்கம் என்று மெர்விக்குத் தெரியும். தெரிந்து என்ன செய்வது? உயிரோடிருக்கிற சக்களத்தி என்றால் குறை கண்டுபிடிக்கலாம், மல்லுக்கு நிற்கலாம், அவளுக்கு நரை விழுவதைப் பார்த்து உள்ளுக்குள் குளிர்ந்துபோகலாம். ஐலாவுக்கு நரைக்கவே போவதில்லை. முப்பத்தோரு வயதில், கன்னம் சிவக்கச் சிரித்தபடி, வடக்கே ரோவானியெமியில் அவர்கள் வீட்டுச் சுவரில் படமாகத் தொங்கிக்கொண்டிருப்பாள்.

ஒவ்வொரு இலையுதிர்காலத்திலும் அப்பாவும் மகளும் இந்தக் காட்டுக்கு வந்துவிடுவார்கள். மெர்வியைக் கூப்பிட்டதில்லை. துர்க்குவில் பிறந்த தெற்கத்திக்காரி, உனக்கு இந்தக் குளிர் தாங்காது என்று எஸ்கோ மழுப்புவான். இந்த வருஷம் அவள் தானே ஒரு முதுகுப்பையை வாங்கிவந்து நடுக்கூடத்தில் வைத்தாள். அவன் அதைத் தாண்டிக்கொண்டு போனான். அதுவே அவளுக்கு ஒரு அறை வாங்கினாற்போல இருந்தது.

காரை நிறுத்திவிட்டு நடக்கத் தொடங்கியதிலிருந்து வழியெல்லாம் அப்பாவுக்கும் மகளுக்கும் ஐலா பேச்சுதான். இது ஐலா உட்கார்ந்த பாறை, இது ஐலா பெரிய ஹர்ரி மீனைப் பிடித்த மடுவு. ஐலா வழுக்கி விழுந்த இடத்துக்குக்கூட ஒரு பெயர் இருந்தது. தானும் இங்கே வழுக்கி விழுந்தால் அதற்கு யாராவது பெயர் வைப்பார்களா என்று மெர்வி யோசித்தாள். வைக்க மாட்டார்கள் என்று அவளே பதிலும் சொல்லிக்கொண்டாள்.

லூமி தங்கமான பெண். அதுதான் பிரச்சினையே. முரண்டு பிடிக்கிற குழந்தையைத் திட்டலாம், வழிக்குக் கொண்டுவரலாம். இவள் எல்லாவற்றுக்கும் "நன்றி, மெர்வி" என்பாள். "நீங்க முதல்ல போங்க, மெர்வி" என்பாள், விருந்தாளியிடம் பேசுவதுபோல. ஒரே ஒரு தடவை அவள் வாயிலிருந்து அம்மா என்ற சொல் வந்துவிட்டால் போதும் என்று மெர்விக்கு இருந்தது. அதற்காக என்ன வேண்டுமானாலும் செய்வாள்.

பின்தங்கியது அதற்காகத்தான்.

இந்தக் காட்டுக் குடில்களுக்குப் பூட்டு கிடையாது. யாரும் வரலாம், தங்கலாம். போகும்போது அடுத்தவருக்காக விறகு பிளந்து வைத்துவிட்டுப் போகவேண்டும். அதோடு ஒரு முறை உண்டு, தெற்கில் பிறந்தவர்களுக்கும் தெரிந்த முறைதான். கடைசியாக வந்து சேருகிறவருக்கே முதல் உரிமை. அவர்தான் அதிகம் களைத்திருப்பார், அதிகம் நனைந்திருப்பார். முன்னால் வந்து குளிர் காய்ந்தவர்கள் எழுந்து அவருக்கு இடம் விடவேண்டும்.

கடைசியாக வந்தவள் நான், ஆகவே இடம் என்னுடையது. இதை அந்தக் குடிலிலேயே, ஐலாவின் இடத்திலேயே நின்று, வேடிக்கைபோலச் சொல்லிவிட வேண்டும் என்பது மெர்வியின் திட்டம். அவர்களும் சிரிப்பார்கள். சிரித்துவிட்டால் ஏதோ ஒன்று உடைந்துவிடும் என்று நம்பினாள்.

குடில் ஏரிக்கரையில் மஞ்சள் பிர்ச் மரங்களுக்கு நடுவே இருந்தது. புகை எழும்பியிருந்தது. அவள் கதவைத் தட்டினாள்.

"இடம் இருக்கா?"

உள்ளே பேச்சு சட்டென்று நின்றது.

அவளே கதவை இழுத்துத் திறந்து நுழைந்தாள். "கடைசியா வந்தது நான்தான். எல்லாரும் எழுந்து இடம் விடுங்க பாக்கலாம்" என்றாள், முகம் நிறையச் சிரிப்போடு.

யாரும் சிரிக்கவில்லை. எஸ்கோ கையில் விறகோடு அடுப்புக்கு முன்னால் குந்தியிருந்தான். முகத்தில் ரத்தமே இல்லை. லூமி பலகைப் படுக்கையில் உட்கார்ந்து அவளையே பார்த்தாள். பார்வை மெர்வியின் முகத்தில் வந்து இறங்கியபோது அதில் இருந்த வெளிச்சம் அணைந்ததை மெர்வி கண்ணாலேயே பார்த்தாள்.

"ஓ, நீங்களா" என்றாள் லூமி.

கதவு ஈரத்தில் ஊதிப்போயிருந்தது. மெர்வி இழுத்தாள், தாழ் விழவில்லை. மறுபடி இழுத்தாள், கதவு திறந்துகொண்டது. எஸ்கோ எழுந்து வந்து முழங்காலால் கதவை ஒரு தூக்குத் தூக்கி ஓங்கி இழுத்தான். குடிலே அதிர்ந்தது, தாழ் விழுந்தது.

"இது அப்படித்தான். சத்தமில்லாம இதைச் சாத்தறது ஐலாவுக்கு மட்டும்தான் வரும்" என்றான்.

கதவு சாத்துவதில்கூட அவள்தான் கெட்டிக்காரி. மெர்வி பையைக் கீழே போட்டுவிட்டு, படுக்கையில் எஸ்கோவுக்கும் லூமிக்கும் நடுவே தன் தூங்குபையை விரித்தாள்.

*

சாயங்காலத்துக்கு முன்னால் எஸ்கோ விறகு பிளக்க, மெர்வியும் லூமியும் ஆறு ஏரியில் விழுகிற முகத்துவாரத்தில் தூண்டில் போட்டார்கள். மெர்வியின் தூண்டிலை ஒரு மீன்கூடக் கடிக்கவில்லை. தண்ணீர் கறுத்து, பாறைகளைச் சுற்றி நுரைத்து ஓடியது. கை விரல்கள் மரத்துப்போயின.

லூமியைச் சும்மா பேசவைப்பதற்காக, கதவைத் தட்டியபோது ஏன் அப்படிப் பார்த்தாய் என்று கேட்டாள். லூமி தண்ணீரைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். அம்மா எப்போதும் கடைசியாகத்தான் வருவாளாம். வேண்டுமென்றே பின்தங்குவாளாம். கதவைத் தட்டி, இடம் இருக்கா என்று கேட்பாளாம். உள்ளேயிருந்து அப்பாவும் லூமியும், கடைசியா வர்றவங்களுக்கு எப்பவும் இடம் உண்டு என்று கத்துவார்களாம். அது அவர்கள் விளையாட்டு.

மெர்விக்குக் காது சுட்டது. புதிதாக எதையோ கண்டுபிடித்துவிட்டதாக நினைத்து, ஐலா கழற்றிப் போட்ட செருப்பில்தான் காலை நுழைத்திருக்கிறாள்.

"இப்பவும் தட்டுவாங்க" என்றாள் லூமி.

"யாரு?"

"அம்மா. ஒவ்வொரு வருஷமும். முதல் நாள் இருட்டறதுக்குள்ள. அப்பா காத்துன்னு சொல்வாரு. பதில் சொல்லக்கூடாதுன்னு என் வாயைப் பொத்திடுவாரு." அவள் தூண்டிலை இழுத்துச் சுற்றினாள். "ஆனா அவரு அழுவாரு, மெர்வி. காத்துக்கு யாராவது அழுவாங்களா?"

மெர்விக்குப் பயம் வந்திருக்க வேண்டும். வந்தது வேறு. இவன் மீன் பிடிக்க வரவில்லை, காட்டுக்கு வரவில்லை. அவள் தட்டுவதைக் கேட்பதற்காக வருஷா வருஷம் இங்கே வந்து உட்கார்ந்திருக்கிறான். வீட்டில் பக்கத்தில் படுத்திருக்கும்போதெல்லாம் இந்த ஒரு சாயங்காலத்துக்காகக் காத்துக்கொண்டிருந்திருக்கிறான்.

*

வெளியே ஆலங்கட்டியும் மழையுமாகக் கலந்து விழத் தொடங்கியது. இன்னும் இருட்டவில்லை, சாம்பல் வெளிச்சம் சன்னலில் ஒட்டிக்கொண்டிருந்தது. எஸ்கோ அடுப்பில் கலைமான் இறைச்சிச் சூப்பைக் கிளறினான். லூமி கம்பு ரொட்டியில் வெண்ணெய் தடவினாள். இரண்டு பேரும் எதையோ கேட்டுக்கொண்டிருந்தார்கள், சாமி வரும் என்று காத்திருக்கிறவர்களைப் போல.

ஏரிப்பக்கம் சதுப்பின்மேல் போட்டிருந்த நடைபலகை முனகியது.

ஒரு அடி. பிறகு இன்னொன்று.

களைத்தவர் நடக்கிற நடை. அவசரமில்லாத நடை.

வாசற்படியில் நின்றது.

கதவு தட்டப்பட்டது.

எஸ்கோவின் கரண்டி சட்டியிலேயே நின்றுவிட்டது. அவன் உதடு மட்டும், காத்து, என்று அசைந்தது. அவன் முகத்தை மெர்வி பார்த்தாள். இரண்டு வருஷத்தில் ஒருநாள்கூட அந்த முகம் அவளுக்காக அப்படி மலர்ந்ததில்லை. லூமி எழுந்து நின்று வாயைத் திறந்தாள்.

"கடைசியா வர்ற..."

"இடம் இல்லை!"

சொன்னது மெர்வி. அவள் குரல் அவளுக்கே அந்நியமாக இருந்தது. "இங்க இடம் இல்லை. போ."

அடுப்பில் விறகு வெடித்தது. எஸ்கோ மெதுவாகத் திரும்பினான். கோபப்படுவான் என்று நினைத்தாள். அவன் பயந்திருந்தான்.

"என்ன சொல்லிட்டே, மெர்வி" என்றான், ரகசியம்போல. "நடந்து வந்த யாராவதா இருந்தா? நனைஞ்சு வந்து நிக்கிற ஆளா இருந்தா? இந்த நாட்டுல எந்தக் குடில் கதவுகிட்டயும் யாரும் இந்த வார்த்தையைச் சொன்னதில்லை."

அவன் போய்க் கதவைத் திறந்தான். யாருமில்லை. மழை சாய்ந்து விழுந்துகொண்டிருந்தது. படியில், வில்லோ மரக் குச்சியில் செவுளோடு கோத்த மீன்கள் கிடந்தன. குடல் எடுத்து, கழுவி, வயிற்றில் ஜூனிப்பர் இலை திணித்துச் சுத்தமாக வைக்கப்பட்டிருந்தன.

"நாலு" என்றாள் லூமி, அப்பாவின் இடுப்புக்கு அருகிலிருந்து எட்டிப் பார்த்து. "நம்ம மூணு பேரு. அப்புறம் அம்மாவுக்கு."

ஏரிக்கு அப்பால் மீன்பிடிக்கிறவர் யாராவது வைத்துவிட்டுப் போயிருப்பார் என்று எஸ்கோ சொன்னான். அப்படிச் சொல்லிக்கொண்டே அந்தக் குச்சியை இரண்டு கையாலும் ஏந்தி உள்ளே கொண்டுவந்தான். சூப்பை இறக்கி வைத்துவிட்டு வாணலியில் வெண்ணெயை உருக்கினான். ஒவ்வொரு மீனையும் அவன் பக்குவமாகத் திருப்பிப்போட்டதை மெர்வி பார்த்துக்கொண்டே நின்றாள். ஐலா சமையல்காரி, ஐலா மீன்காரி, ஐலா செத்தும் வீட்டுக்குச் சோறு போடுகிறவள். நான் யார்? பேருந்தில் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்தவளா?

லூமி மேசையில் தட்டுகளை வைத்தாள். நாலாவது தட்டைக் கதவுப்பக்கம் இருந்த பெஞ்சு முனைக்கு நேராக வைத்தாள். அதில் மிகப் பெரிய மீனை எடுத்து வைத்தாள்.

அதற்குமேல் மெர்வியால் முடியவில்லை. தட்டிலிருந்த அந்த மீனைப் பிடுங்கிக்கொண்டு, எஸ்கோ கூப்பிடக் கூப்பிட, கதவைத் திறந்து வெளியே போய்விட்டாள்.

*

பலகைகள் வழுக்கின. ஒரு கையால் பக்கத்துப் பிர்ச் கிளைகளைப் பிடித்துக்கொண்டு ஏரிக்கரைக்கு நடந்தாள். தண்ணீர் தெரிந்தது, கரை தெரிந்தது. எதிர்க்கரை மூடுபனியில் போய்விட்டது. ஈரக் கம்பளியின் வாடையும் ஆற்றுச் சேற்றின் வாடையும் அடித்தன. தன் கம்பளிச் சட்டைதான் என்று நினைத்துக்கொண்டாள். ஆனால் அவள் போட்டிருந்தது கம்பளி இல்லை.

"கேட்டுக்கோ" என்றாள் தண்ணீரைப் பார்த்து. "அவன் என் புருஷன். அவ என் பொண்ணு. பள்ளிக்கூடத்துக்குக் கூட்டிட்டுப் போறது நான், காய்ச்சல்னா கண்விழிக்கிறது நான். நீ போனவ. போனவ போனவளாவே இரு."

மீனை ஓங்கி வீசினாள்.

தண்ணீரில் விழுந்த சத்தம் கேட்கவில்லை.

காத்திருந்தாள். மழைத்துளிகள் ஏரியில் விழும் சத்தம் கேட்டது. மீன் விழுந்த சத்தம் மட்டும் வரவே இல்லை, யாரோ நடுவிலேயே கையை நீட்டி வாங்கிக்கொண்டாற்போல.

மெர்வி திரும்பி நடந்தாள். ஓடக்கூடாது என்று சொல்லிக்கொண்டாள். அவள் காலுக்கடியில் பலகை முனகியது. அவள் தாண்டிவந்த பலகையும் முனகியது.

நின்றாள்.

பின்னாலும் நின்றது.

திரும்பிப் பார்க்கவில்லை. பார்க்கக் கழுத்து வளையவில்லை. குடில் வாசல் வந்தது. கதவு ஒருக்களித்துத் திறந்திருந்தது, அவள்தான் சாத்தாமல் வந்திருந்தாள். உள்ளே அடுப்பின் சிவப்பு தெரிந்தது. ஒரு காலைத் தூக்கிப் படியில் வைத்தவளுக்கு, அப்போதுதான் உறைத்தது.

நான் முதலில் நுழைந்தால், கடைசியாக நுழைகிறவள் அவள்.

காலைக் கீழே எடுத்தாள். கதவைவிட்டு ஒதுங்கி, சுவரோடு சுவராக முதுகை ஒட்டி நின்றாள். பொறாமை பயத்தைவிடக் கெட்டியாக இருந்தது.

"நீ போ முதல்ல" என்றாள், மூச்சுவிடாமல். "போ. நான் பின்னால வரேன்."

வாசற்படியில் மழை விழாத ஒரு இடம் இருந்தது. ஆள் நிற்கிற அளவுக்கு இடம். அதைச் சுற்றித்தான் துளிகள் தெறித்தன. அந்த இடம் அசையவில்லை.

பிறகு மெல்ல நகர்ந்தது. கதவை நோக்கி அல்ல. விருந்தாளிக்கு வழிவிடுகிறவர்போல, மரியாதையாக, ஒரு அடி பின்வாங்கியது.

அவளுக்கும் அந்த முறை தெரியும். இந்த விளையாட்டை ஆரம்பித்ததே அவள்தான்.

இரண்டு பேரும் நின்றார்கள். ஆலங்கட்டி மெர்வியின் தலைமுடியில் சேர்ந்தது, கழுத்துக்குள் இறங்கியது. பல் கிட்டித்தது. விட்டுக்கொடுக்கக்கூடாது, விடிய விடிய நின்றாலும் சரி என்று நினைத்தாள். செத்தவளுக்குக் குளிராது என்பது அப்புறம்தான் தோன்றியது.

உள்ளேயிருந்து எஸ்கோவின் குரல் வந்தது. "கதவைத் திறந்து போட்டுட்டு அங்க என்ன பண்றே, மெர்வி? சூடெல்லாம் போகுது."

அவள் சுவரைவிட்டு அசையவில்லை. கன்னம் மரத்துப்போயிருந்தது.

சின்னக் காலடிகள் கேட்டன. கம்பளிக் காலுறையோடு லூமி கதவுக்கு வந்தாள். அடுப்பு வெளிச்சம் அவளுக்குப் பின்னாலிருந்து வந்ததால் முகம் சரியாகத் தெரியவில்லை. கையை நீட்டினாள்.

"அம்மா" என்றாள். "உள்ளே வா. குளிருது பாரு."

மெர்விக்கு உலகமே நின்றுபோனது.

எத்தனை நாள் ஏங்கியிருக்கிறாள் இதற்கு. பிறந்தநாளில், பள்ளி விழாவில், காய்ச்சல் கண்ட நாட்களில், இந்த ஒரு சொல்லுக்காகக் காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். வந்துவிட்டது. கடைசி, முதல், உரிமை, முறை எல்லாம் எங்கோ பறந்தது. அழுகை பொங்கிக்கொண்டு வந்தது. ஒரே எட்டில் படியேறி உள்ளே போய், முழங்காலிட்டு, அந்தக் குழந்தையை இறுக்கிக் கட்டிக்கொண்டாள்.

"வந்துட்டேன்டா" என்றாள். "அம்மா வந்துட்டேன்."

லூமி கட்டிக்கொள்ளவில்லை. நீட்டிய கை நீட்டியபடியே இருந்தது, மெர்வியின் தோளுக்குமேல், கதவை நோக்கி.

"கடைசியா வர்றவங்களுக்கு எப்பவும் இடம் உண்டு" என்றாள் லூமி, சிரித்துக்கொண்டே.

மெர்வியின் முதுகுக்குப் பின்னால் மழைச் சத்தம் குறைந்தது. ஊதிப்போன கதவு இம்மியளவு மேலே தூக்கப்பட்டு, உள்பக்கம் இழுக்கப்பட்டது. தாழ் விழுந்தது.

சத்தமே இல்லை.

ஈரக் கம்பளி வாடை குடில் முழுக்கப் பரவியது. எஸ்கோ தலையைக் குனிந்துகொண்டே பெஞ்சில் நகர்ந்து உட்கார்ந்தான். கதவுப்பக்கம் ஒரு ஆளுக்கு இடம் விட்டான். பிறகு அவன் எழுந்து படுக்கைக்குப் போய், நடுவில் விரித்திருந்த மெர்வியின் தூங்குபையை மடித்துச் சுவரோரம் வைத்தான்.

மெர்வி இன்னும் முழங்காலிலேயே இருந்தாள். நடைவழியை மறித்துக்கொண்டு.

லூமி குனிந்து, அவள் தோளைத் தொட்டு, எப்போதும்போல மரியாதையாகக் கேட்டாள்:

"மெர்வி, கொஞ்சம் தள்ளிக்கறீங்களா?"